முச்சந்தியில் ஒரு பெருக்கல் குறி

ஊட்டியில் கூடாரம் அடித்தால் அது கோடை முகாம். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் அடித்தால் அதற்குப் பெயர் வறுவல். எங்கள் தலைமையாசிரியை இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்ததைச் சிரிக்காமல் சொன்னார்: வயசுப் பெண்களை வெளியூரில் ராத்தங்க வைக்கிறீர்கள், ஏதாவது பேச்சு வந்ததோ, அடுத்த வருஷம் முகாம் என்று என் அறைப்பக்கம் வராதீர்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. விழுப்புரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். சாரணியர் படையும் என் பொறுப்பு. யாரும் என் தலையில் கட்டவில்லை, நானே போய் வாங்கிக் கட்டிக்கொண்டது. ஒரு பெண் தன் கையால் முடிச்சுப் போட்டு, கூடாரம் கட்டி, அதற்குள் படுத்து எழுந்தாள் என்றால் மறுநாள் அவள் நடையே வேறு மாதிரி இருக்கும். அதைப் பார்க்கிற கிறுக்கு எனக்கு. அதற்காக வருஷா வருஷம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று, அப்பாக்களிடம் கெஞ்சி, அம்மாக்களிடம் சத்தியம் செய்து, பாட்டிகளிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவேன்.

அந்த வருஷம் ஆரம்பமே அமர்க்களம். விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது கூடாரத் துணியும் சட்டி பானையும் காலடியில் வைத்துக்கொண்டோம். கூடாரத்துக்கான மூங்கில் கழிகளையும், சாக்பீஸ், கொடி, விசில் எல்லாம் வைத்த தகரப் பெட்டியையும் கூரைமேல் ஏற்றினோம். திண்டிவனத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் பெண்களை எண்ணியது. எல்லோரும் இருந்தார்கள். கூரையை எண்ண யாருக்கும் தோன்றவில்லை. பஸ் மெட்ராஸ் பக்கம் திரும்பிய பிறகுதான் எங்கள் பள்ளி ஆயா குப்பம்மாள், "டீச்சர், கொம்பு போவுதே" என்று கையை நீட்டினாள்.

அணித் தலைவி ரெஜினா பஸ்ஸின் பின்னால் பாய்ந்து ஓடினாள். அவள் அப்பா ரயில்வேயில் கார்டு. விசில் ஊதினால் வண்டி சொன்னபடி கேட்கும் என்று நம்பி வளர்ந்த பெண். ஓடிக்கொண்டே இடுப்பில் விசிலைத் தேடினாள். விசில் பெட்டிக்குள், பெட்டி பஸ்மேல். திரும்பி வந்து நின்றவளைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பஸ் நிலைய நேரக்காப்பாளர் எங்களை விடவும் நிதானமாக இருந்தார். எங்கியும் போவாதும்மா, மெட்ராஸ் சுத்திப் பாத்துட்டு வரும் என்றார். அவர் சொன்னபடியே ஒரு வாரம் கழித்துப் பெட்டி விழுப்புரத்துக்கு வந்து சேர்ந்தது, கொடியின் மடிப்புக்கூடக் கலையாமல்.

திண்டிவனம் பஸ் நிலையத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் பஸ் நிற்பதற்குள் ஜன்னலுக்குள் தட்டை நீட்டிவிடுகிறார்கள். எங்கள் ஊர் ஜங்ஷனில் வடை விற்கிறவருக்கு அந்த அவசரம் கிடையாது. வண்டி எப்படியும் நின்று, என்ஜின் மாறித்தான் போகும் என்று அவருக்குத் தெரியும். வெள்ளரிப்பிஞ்சைக் கடித்துக்கொண்டு மரக்காணம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினோம். பிரம்மதேசத்துக்கு அந்தாண்டை ஒரு சின்ன ஊர்தான் எங்கள் முகாம்.

ஏழுமலை மாட்டுவண்டியோடு வந்து காத்திருந்தார். அவர் அந்த ஊர் விவசாயி. பம்புசெட்டும் பக்கத்திலேயே புளியந்தோப்பும் அவருடையவை. தெரிந்தவர் மூலம் கேட்டதற்கு, பொட்டப்புள்ளைங்கதானே, தாராளமா வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். இறங்குவதற்கு முன்னாலேயே பெண்களை நான் எச்சரித்து வைத்திருந்தேன். இடது கையால் கைகுலுக்குவது சாரணர் வழக்கம். ஊர்க்காரரிடம் அதைக் காட்டினால் வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே எல்லோரும் ஒழுங்காகக் கும்பிடு போட்டார்கள். ஊரோடு ஒத்துப்போவதற்கு இவ்வளவு முன்யோசனை போதும் என்று நானும் திருப்திப்பட்டுக்கொண்டேன்.

கழி மெட்ராஸ் போன கதையைக் கேட்டு ஏழுமலை விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கொட்டகையிலிருந்து சவுக்குக் கழிகளைக் கொண்டுவந்து இறக்கினார். பெண் கல்யாணத்துப் பந்தலுக்காக முன்கூட்டியே வெட்டி வைத்ததாம். மகள் கஸ்தூரியை நாளான்னிக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அவர் மனைவி பச்சையம்மா வாயெல்லாம் பல்லாகச் சொன்னார். மரக்காணம் பக்கத்துக் குடும்பம். நிலம் இருக்கிறது, பையன் உரக்கடை வைத்திருக்கிறான், வரதட்சணை என்று வாயைத் திறக்கவில்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாத இடம்.

கஸ்தூரி திண்டிவனத்தில் பிளஸ் ஒன் முடித்திருந்தாள். எங்கள் பெண்களுக்குத் தண்ணீர் இறைக்க வந்தவள், கணக்கு டீச்சர் என்று தெரிந்ததும் என் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். பிளஸ் டூ புத்தகங்களை மேல் வகுப்புப் பெண்ணிடமிருந்து வாங்கி, பழுப்புக் காகித அட்டை போட்டு வைத்திருந்தாள். வகை நுண்கணிதம் தானே படித்தால் புரியுமா என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருவார்களே என்றேன். போனாத்தானே டீச்சர் என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் தோண்டவில்லை. வந்த இடத்தில் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்க எனக்கு என்ன உரிமை?

மறுநாள் காலை குப்பம்மாள் கேப்பைக் களி கிண்டி, மல்லாட்டைச் சட்னி, அதாவது வேர்க்கடலைச் சட்னி, அரைத்தாள். டவுன் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். பிரம்மதேசத்துச் சோழர் காலக் கோயில்வரை வெயிலில் நடத்திக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்ததும் அதே களி அமிர்தமாகிவிட்டது. மரக்காணத்திலிருந்து கூடையில் கருவாடு கொண்டுவந்த அம்மாவை வழிமறித்துப் பச்சையம்மா ஒரு குழம்பும் வைத்துக் கொடுத்தார். சைவம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருத்தி குழம்புச் சட்டியை வழித்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சாயங்காலம் தடக்குறி வகுப்பு. முன்னால் போகிற அணி வழியெல்லாம் குறி போட்டுக்கொண்டே போகும். பின்னால் வருகிற அணி அதைப் படித்துப் பின்தொடர வேண்டும். அம்புக்குறி என்றால் இப்படி வா. பெருக்கல் குறி என்றால் இந்த வழி போகாதே. சாக்பீஸ்தான் மெட்ராஸ் போய்விட்டதே! அடுப்புச் சாம்பலும், பக்கத்துச் சூளையில் கிடந்த செங்கல் பொடியும் எடுத்துக்கொண்டோம். வெள்ளையால் கோடு, சிவப்பால் ஓரம், நான்கு முனையிலும் கல். பார்க்க நன்றாகவே இருந்தது. கஸ்தூரியும் உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். ரெஜினா தன் ஸ்கார்ஃபை அவிழ்த்து அவள் கழுத்தில் கட்டிவிட்டாள். எங்கள் பெண்களைவிட அவள் போட்ட குறிதான் திருத்தமாக இருந்தது. அதை நான் வாய்விட்டும் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை விளையாட்டு. தோப்பிலிருந்து ஏரிக்கரைவரை தடம் போடுவது, கண்டுபிடிப்பது. எல்லாம் நல்லபடியாக முடிந்து மோர் குடித்துக்கொண்டிருந்தோம். வண்டிக்காரர் ஒருவர் ஓடிவந்தார். பெண் பார்க்க வந்தவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, பழத்தட்டும் பூவுமாக முச்சந்திவரை வந்திருக்கிறார்கள். நடு வழியில் சாம்பலும் சிவப்புப் பொடியும் கல்லுமாக ஏதோ போட்டிருந்ததாம். யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று பையனின் அத்தை அலறியிருக்கிறார். ஒருவரும் அதைத் தாண்டவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறி மரக்காணத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

இடது கைக்கு யோசித்த எனக்கு இது தோன்றவில்லையே. முச்சந்தி, சாம்பல், சிவப்புப் பொடி! விழுப்புரத்தில் எங்கள் தெருமுனையில் இப்படி ஒன்று கிடந்தால் நானே சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவேன்.

அதற்குள் தோப்பில் பாதி ஊர் கூடிவிட்டது. எங்களைத் தேடி அவர்கள் வரவில்லை, அதுதான் வேடிக்கை. ஏழுமலைக்கும் அவர் பங்காளி முனுசாமிக்கும் வாய்க்கால் தண்ணீரில் நெடுநாள் தகராறு. இது முனுசாமி வேலைதான் என்று பச்சையம்மாவின் தம்பி அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். முனுசாமி நல்ல ஆகிருதி. பிடித்த கையை முறுக்கினார். ஏழுமலை மட்டும் சத்தம் போடவில்லை. பம்புசெட்டுத் தொட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். செய்வினை பட்ட பெண் என்று பெயர் வந்துவிட்டால் இனி அந்த வீட்டு வாசலை யார் மிதிப்பார்கள்? பச்சையம்மா அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

நான் ரெஜினாவை இழுத்துக்கொண்டு முச்சந்திக்கு ஓடினேன். எங்கள் பெண்கள் போட்டதுதான் என்று முதலில் என் கண்ணால் பார்த்துவிட வேண்டும், பிறகு ஊரார் காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்ற எண்ணம்.

பார்த்தேன். பெரிய பெருக்கல் குறி. வெள்ளைக் கோடு, சிவப்பு ஓரம், முனைக்கு ஒரு கல். பஸ் நிறுத்தத்திலிருந்து ஊருக்குள் வருகிற பாதையின் நட்டநடுவில்.

ரெஜினா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "இது நம்ம போட்டது இல்ல டீச்சர். நம்ம தடம் பூரா ஏரிப்பக்கம்தான். இந்தாண்ட நாங்க வரவே இல்ல."

நான் திரும்பினேன். எங்கள் பின்னாலேயே கஸ்தூரி வந்து நின்றுகொண்டிருந்தாள். தலை நிறையப் பூ, பட்டுப் பாவாடை தாவணி.

"நான்தான் டீச்சர் போட்டேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரே அடித்துக்கொள்கிறது, உன் அம்மா அங்கே மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள், இதைச் செய்வினை என்று நினைப்பார்கள் என்று உனக்குத் தெரியாதா என்று கத்தினேன்.

"செய்வினைன்னு நெனைச்சுப் போடல டீச்சர். யாருக்கும் புரியாதுன்னுதான் போட்டேன். விடிகாலையில இப்பிடி வந்தேன், கையில பொடி இருந்திச்சி. வீட்ல வாய் வரல. எங்கனா ஒரு எடத்துல சொல்லிடணும்போல இருந்திச்சி."

கோபம் போன இடம் தெரியவில்லை. யாருக்கும் தெரியாத பாஷையில் தெருவில் எழுதி வைத்திருக்கிறது இந்தப் பெண். எழுதக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் அதற்கு நேரமில்லை. தோப்பிலிருந்து கூச்சல் இங்கேவரை கேட்டது.

நைனாகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர் என்று கையைப் பிடித்தாள். நான் ஏதாவது சமாளித்துவிடலாம் என்று யோசித்தேன். எங்கள் பெண்கள் வழி தெரியாமல் போட்டுவிட்டார்கள் என்று சொன்னால் தீர்ந்தது. விழுப்புரத்தில் தலைமையாசிரியை என்னைப் பார்த்துக்கொள்வார், அது வேறு கதை. அந்த நேரம் பார்த்து ரெஜினா மெல்லச் சொன்னாள், சாரணர் நம்பத்தகுந்தவர் என்றுதானே டீச்சர் முதல் சட்டம் என்று. என்ன நேரத்தில் என்ன பேசுகிறாள் பாருங்கள்! ஆனாலும் அவள் சொன்னது சரி.

"நான் வாய் திறந்து சொல்ல மாட்டேன் கஸ்தூரி. ஆனா உங்க அப்பா கேட்டா பொய் சொல்லவும் மாட்டேன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

தோப்புக்குப் போய்க் கூட்டத்தின் நடுவில் நின்றேன். ஐந்தாம் பீரியடில் அறுபது பெண்களை அடக்குகிற குரல் என்னுடையது. அதை எடுத்தேன். முச்சந்தியில் கிடப்பது செய்வினை இல்லை, எங்கள் சாரணர் குறி, அதற்கு அர்த்தம் இருக்கிறது, முனுசாமி ஐயாவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றேன். அத்தனையும் உண்மை. யாரும் நம்பவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். குப்பம்மாளே விபூதி பூசிக்கொண்டு தள்ளி நின்றாள் என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன?

செய்து காட்டுகிறோம் என்றேன். ரெஜினாவைப் பம்புசெட்டு அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினோம். இன்னொரு அணி தோப்பில் வளைத்து வளைத்துக் குறி போட்டது. பச்சையம்மாவின் தம்பி தோளிலிருந்த துண்டை உருவிக் கொண்டுபோய் வைக்கோல் போருக்குள் ஒளித்தார்கள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததும் ரெஜினா அம்பைப் பார்த்து நடந்தாள், பெருக்கலைப் பார்த்துத் திரும்பினாள், நேரே போருக்குப் போய்க் கையை விட்டுத் துண்டை உருவினாள். முதலில் சிரித்தது முனுசாமிதான். சட்டையில் பொத்தான் இரண்டு போயிருந்தது. அதோடு சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "தே, புள்ளைங்க வெளையாட்டுக்கா இவ்ளோ பேஜாரு" என்று ஒரு கிழவி எழுந்து போனாள். கூட்டம் கலைந்தது. பச்சையம்மாவின் தம்பி முனுசாமியை டீ குடிக்கக் கூப்பிட்டுக்கொண்டு போனார்.

ஏழுமலை மட்டும் தொட்டியைவிட்டு எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

"பெருக்கல் போட்டா இந்த வழி போவாதன்னு அர்த்தம். சரிதானே டீச்சர்?"

ஆமாம் என்றேன்.

"உங்க புள்ளைங்க வெளையாண்டது ஏரிப்பக்கம். அப்ப முச்சந்தியில யாரைப் போவாதன்னு போட்டிருக்குது?"

மனுஷர் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். "அதை நீங்க கஸ்தூரிகிட்ட கேளுங்க" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப்பக்கம் நடந்தார்.

அன்று பிற்பகல் முழுக்க அந்த வீட்டிலிருந்து சத்தமும் இல்லை, சேதியும் இல்லை. அடிப்பாரோ என்று பயந்தேன். குப்பம்மாளைத் தயிர் வாங்குகிற சாக்கில் அனுப்பினேன். வீட்டில் பெரியவர் இல்லை, சைக்கிள் எடுத்துக்கொண்டு எங்கேயோ போயிருக்கிறார், பெண் அடுப்படியில் இருக்கிறாள், தயிர் புளிப்பு என்று வந்து சொன்னாள். சாயங்காலம் தீ மூட்டிப் பாட்டுப் பாட வேண்டிய நிகழ்ச்சி. பெண்கள் சுரத்தே இல்லாமல் பாடினார்கள். நான் நிறுத்திப் படுக்கச் சொல்லிவிட்டேன். ஒரு குடும்பத்துக்குள் கல்லைப் போட்டுவிட்டுப் போகிறோமே என்று என்னையே நொந்துகொண்டேன்.

மறுநாள் காலை கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது ஏழுமலை வண்டியோடு வந்தார். ஒன்றும் நடக்காத மாதிரி மூட்டைகளை ஏற்றினார். பச்சை மல்லாட்டை வேகவைத்து ஒரு கூடை நிறையக் கொண்டுவந்திருந்தார். பெண்களை வண்டியிலும் நடையிலுமாக முன்னால் அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். முச்சந்தியை யாரோ சுத்தமாகப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். நிறுத்தத்தில் நிழல் இல்லை. பஸ்ஸும் வரவில்லை. நான் அவரைப் பார்த்து, அவர் ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தோம்.

"மரக்காணம் போய்ட்டு வந்தேன் டீச்சர்" என்றார் கடைசியில். "பொண்ணு இந்த வருஷம் படிச்சி முடிக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னேன். அவங்களால அவ்ளோ நாளு காத்துக்கினு இருக்க முடியாதாம். வேற எடம் பாக்கறாங்களாம். பாக்கட்டும். நல்ல மனுஷங்கதான்."

ரொம்ப நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும் என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டேன். தூரத்தில் பஸ் தெரிந்தது. பெண்கள் மூட்டைகளைத் தூக்க ஆரம்பித்தார்கள். அவரும் ஒரு சாக்கைத் தோளில் ஏற்றினார். ஏற்றியவர் என் பக்கம் திரும்பி நின்றார்.

"ஏம்மா, எங்கிட்ட வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா, நான் இன்னா புலியா கரடியான்னு அவகிட்ட கேட்டேன் டீச்சர். ‘மல்லாட்டய எப்ப விக்கலாம்னு கேக்குற, மோட்டார ரிப்பேருக்கு யார்ட்ட குடுக்கலாம்னு கேக்குற, எல்லாத்துக்கும் என்னத்தான் கேக்குற. இத மட்டும் நீ கேக்கவே இல்லியே நைனா’ன்றா."